காற்று தொட்ட ஒயின்: ஐபீரிய மரபுகளில் குறையும் குணமும்

1. கேள்வி

திறந்து வைத்த வெள்ளை ஒயின் சில நாள்களில் பழமணத்தை இழக்கும், நிறம் பழுப்பாகும், நறுக்கி வைத்த ஆப்பிளின் வாடை எழும். காற்றிலுள்ள ஆக்சிஜனின் வேலை இது. சுவைமதிப்புப் பாடநூல்கள் இதைத் தலையாய குறைகளுள் ஒன்றாக எண்ணுகின்றன. ஆனால் ஸ்பெயினின் தென்கோடியில் உருவாகும் ஷெர்ரியும், போர்ச்சுகலுக்கு உரிய அட்லாண்டிக் தீவின் மடெய்ராவும், தோரு ஆற்றுப் பள்ளத்தாக்கின் டானி போர்ட்டும் காற்றோடு பழகியே தங்கள் மணத்தைப் பெறுகின்றன. பிற இடங்களில் புட்டியைத் திருப்பி அனுப்பக் காரணமாகும் மணத்துக்காக இங்கே பீப்பாய்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றன.

இந்த முரணுக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. இவை விதிவிலக்குகள், இவற்றைத் தனியே வைத்துவிட்டால் பொது விதி அப்படியே நிற்கும் என்பது ஒன்று. சுவை என்பதே பழக்கம், ஒவ்வோர் ஊரும் தனக்குப் பழகியதை நல்லது என்கிறது என்பது மற்றொன்று. முதலாவது விளக்கம் பொது விதி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. இரண்டாவது விளக்கத்தை ஏற்றால் கெட்டுப்போன ஷெர்ரிக்கும் நல்ல ஷெர்ரிக்கும் வேறுபாடு சொல்ல வழியில்லாமல் போகும். காற்றின் தடம் எப்போது குறையாகிறது, எப்போது குணமாகிறது என்பதை ஐபீரிய நாடுகளின் உற்பத்தி முறைகள், வேதியியல், வரலாறு ஆகியவற்றின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பொது இலக்கணமும் அதன் வரம்பும்

ஒயினுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள உறவை முறையாக ஆராய்ந்தவர் லூயி பாஸ்டர். 1866இல் வெளியான அவரது ஒயின் ஆய்வு நூல், ஒயின் முதிர்வதற்கு ஆக்சிஜன் தேவை என்பதைச் சோதனைகளால் காட்டியது. அதாவது ஆக்சிஜன் பகை என்ற முடிவுடன் நவீன ஒயின் அறிவியல் தொடங்கவில்லை. குளிர்பதன வசதி, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, கந்தக டைஆக்சைடின் கணக்கான பயன்பாடு ஆகியவை பரவிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் காற்றை ஏறக்குறைய முழுதாக விலக்குவது சாத்தியமாயிற்று. சாத்தியமானது விரைவில் அளவுகோலாகவும் ஆனது.

சுவைமதிப்பின் கருவிகளும் அதே காலத்தில் சீர்ப்படுத்தப்பட்டன. சுவைப்பதற்கான கண்ணாடிக் கோப்பைக்குப் பன்னாட்டுத் தர நிர்ணயம் 1977இல் வந்தது. பிரான்சின் போர்தோவைச் சேர்ந்த எமீல் பெய்னோ 1980இல் சுவைமதிப்பு பற்றிய தமது பெரிய நூலை வெளியிட்டார். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1980களில் மணச்சக்கரத்தை உருவாக்கினார். பழம், பூ, மசாலா, மரம் என்று மணங்களை வகுக்கும் அந்தச் சக்கரத்தில் ஆக்சிஜனேற்றத்துக்கும் ஓர் ஆரம் உண்டு. அசெட்டால்டிஹைடு அதன் அடையாளம். சக்கரம் மணத்துக்குப் பெயரிடுகிறதே தவிர மதிப்பிடுவதில்லை. ஆயினும் வகுப்பறையில் அந்த ஆரம் குறைகளின் பட்டியலுக்கு அருகிலேயே வைத்துக் கற்பிக்கப்படுகிறது.

இந்த இலக்கணத்தைக் கையாளும் மனித மூக்கும் நாக்கும் எவ்வளவு நம்பத்தக்கவை என்பது தனிக் கேள்வி. 2001இல் மொரோ, பிரோஷே, துபுர்தியே ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மணமற்ற சிவப்பு நிறமி சேர்த்த வெள்ளை ஒயின் 54 மாணவர்களிடம் தரப்பட்டது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வருணித்தார்கள். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களிடம் ஒரே ஒயினை அவர்கள் அறியாமல் மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்த ராபர்ட் ஹாட்சன், ஏறத்தாழ பத்தில் ஒருவரே சீராக மதிப்பெண் இட்டார் என்று 2008இல் காட்டினார்.

சுவைமதிப்பே பொய் என்பதற்கு இவ்வாய்வுகளைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. சான்று அவ்வளவு தூரம் செல்லவில்லை. எதிர்பார்ப்பு உணர்வைத் திருத்தி எழுதுகிறது என்பதும், ஒரே மிடறில் இடும் மதிப்பெண் உறுதியானதன்று என்பதுமே இவற்றின் முடிவு. ஐபீரிய ஒயின்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். செம்பழுப்பு நிறத்தில் ஒரு வெள்ளை ஒயினைக் கண்டதுமே ‘கெட்டுவிட்டது’ என்ற தீர்ப்பு மூக்குக்கு முன்பே எழுந்துவிடக்கூடும். வகை எது என்று அறியாமல் குறை எது என்று சொல்ல முடியாது.

3. ஹெரேஸ்: படலத்தின் அடியில்

ஹெரேஸ் தே லா ஃப்ரொந்தேரா, சான்லூக்கர் தே பர்ராமேதா, எல் புவேர்த்தோ தே சாந்தா மரியா ஆகிய மூன்று ஊர்களை முனைகளாகக் கொண்ட நிலப்பகுதியே ஷெர்ரியின் தாயகம். அல்பரிசா என்னும் வெண்சுண்ண மண் குளிர்கால மழையை உள்ளே பிடித்துவைத்து, வறண்ட கோடையில் கொடிக்குக் கொடுக்கிறது. இங்கே விளையும் பாலோமினோ தனித்த மணம் குறைந்த திராட்சை. அதன் ஒயினுக்கு முகம் தருவது பண்டகசாலைதான்.

நொதித்து முடிந்த ஒயினைச் சுவைத்துப் பார்த்து இரண்டாகப் பிரிப்பார்கள். மென்மையானவற்றுக்குத் திராட்சைச் சாராயம் சேர்த்து ஆல்கஹால் அளவை 15 விழுக்காட்டருகே கொண்டுவருவார்கள். திண்மையானவற்றை 17க்கு மேல் ஏற்றுவார்கள். இந்த இரண்டு விழுக்காடு வேறுபாட்டில் ஒயினின் வாழ்வே மாறிவிடுகிறது. 15 விழுக்காட்டில் ஒயினின் மேற்பரப்பில் ஃப்ளோர் எனப்படும் ஈஸ்ட் படலம் வெள்ளையாகப் படரும். 17இல் அது வாழாது. 600 லிட்டர் கொள்ளும் அமெரிக்க ஓக் பீப்பாயை ஆறில் ஐந்து பங்கு மட்டுமே நிரப்புவது படலத்துக்குக் காற்று விடுவதற்காக.

படலம் ஆக்சிஜனைத் தானே உட்கொண்டு, அடியிலுள்ள ஒயினை நேரடிக் காற்றிலிருந்து காக்கிறது. அதனால்தான் படலத்தின் அடியில் முதிரும் ஃபினோ என்னும் ஷெர்ரி வகை, பல ஆண்டுகள் நிரம்பாத பீப்பாயில் கிடந்தும் வைக்கோல் நிறத்திலேயே இருக்கிறது. அதே ஈஸ்ட் ஆல்கஹாலின் ஒரு பகுதியை அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. சாதாரண மேசை ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கும் இந்தச் சேர்மம் ஃபினோவில் பல நூறு மில்லிகிராம்வரை செல்லும். ஆக, பாடநூல் எதைக் காற்றுபட்டுக் கெட்டதன் அடையாளமாகக் கொள்கிறதோ, அது ஹெரேஸில் காற்றைத் தடுக்கும் படலத்திலிருந்தே பிறக்கிறது. ஒரே மணத்துக்கு எதிரெதிரான இரு காரணங்கள் இருக்க முடியும் என்றால், மணத்தை மட்டும் வைத்துக் குறையை முடிவுசெய்யும் முறை இந்த இடத்தில் உடைகிறது.

சான்லூக்கரில் இதேபோல் படலத்தின் அடியில் முதிரும் மன்சானியா உப்புக்கரிக்கிறது, கடற்காற்று பீப்பாயில் உப்பை ஏற்றுகிறது என்ற விளக்கம் பரவலானது. கடற்காற்றின் உறுதியான பங்கு வேறு. அது தரும் ஈரமும் குளிர்ச்சியும் படலத்தை ஆண்டு முழுதும் தடிமனாக வைத்திருக்கின்றன. தடித்த படலம் ஒயினின் கிளிசராலை உண்டு தீர்க்கிறது. வழவழப்புத் தரும் பொருள் போனபின் நாக்கில் எஞ்சும் கூர்மையான வறட்சியே உப்பாக உணரப்படுகிறது என்று கொள்வது கூடுதலாகப் பொருந்துகிறது.

படலம் இல்லாத ஒலோரோசோ நேரடியாகக் காற்றில் முதிர்ந்து, அக்ரூட், தோல், உலர்பழ மணங்களோடு கருஞ்செம்மை அடைகிறது. அமோந்தியாதோ முதலில் படலத்தின் அடியிலும் பிறகு அது அழிந்தபின் காற்றிலும் வளர்ந்தது. அமோந்தியாதோவின் மணமும் ஒலோரோசோவின் உடற்கட்டும் கொண்டது பாலோ கோர்த்தாதோ. இதை உற்பத்தி முறையால் மட்டும் வரையறுக்க முடிவதில்லை. சுவைப்பவரின் தீர்ப்பே வரையறை. வணிகர்கள் இதற்குப் பூட்டிய மாயத்தன்மையை நீக்கினாலும், ஒரு சட்டபூர்வ வகை நாக்கின் சான்றை நம்பி நிற்கிறது என்ற உண்மை எஞ்சுகிறது.

அந்தத் தீர்ப்பு நிகழும் விதத்தைப் பண்டகசாலையில் காணலாம். நெடிய, வளையும் காம்பின் நுனியில் ஒடுங்கிய சிறு குவளை பொருத்திய வெனென்சியா என்னும் அகப்பையைப் பீப்பாயின் வாய்த்துளை வழியே செங்குத்தாக, ஒரே வீச்சில் இறக்குவார்கள். மெதுவாக இறக்கினால் படலம் கலைந்து குவளைக்குள் வந்துவிடும். தூக்கிய ஒயினைத் தலைக்கு மேலிருந்து கம்பியாகக் கோப்பையில் ஊற்றும்போது மணம் விரிகிறது. சுவைத்தபின் பீப்பாயின் முகப்பில் சுண்ணக்கட்டியால் குறியிடுவார்கள். சாய்கோடு மென்மையானதற்கு. அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டினால் பாலோ கோர்த்தாதோ. சில காலம் கழித்து மறுபடி சுவைத்துக் குறியை மாற்றவும் செய்வார்கள். ஒரே பீப்பாயைப் பலமுறை அணுகும் இந்த வழக்கம், ஹாட்சன் சுட்டிய தடுமாற்றத்துக்கு நடைமுறையில் கண்ட மாற்றாகவும் தோன்றுகிறது.

சொலேரா முறை சீர்மையைக் காக்கிறது. பீப்பாய்கள் வயது வாரியாக வரிசைப்பட்டிருக்கும். மிக முதிர்ந்த வரிசையிலிருந்து ஒரு பகுதி ஒயின் புட்டிக்குப் போகும். அந்தக் குறையை அடுத்த இளைய வரிசை நிரப்பும். இதனால் புட்டியில் உள்ளதற்கு ஒற்றை வயது கிடையாது, சராசரி வயதே உண்டு. 2000ஆம் ஆண்டுமுதல் 20, 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சராசரி வயதுள்ள ஷெர்ரிகளுக்குச் சான்றிதழ் தரப்படுகிறது. அதற்கு வல்லுநர் குழுவின் சுவைமதிப்போடு கார்பன்-14 அளவீடும் பயன்படுகிறது. நாக்கும் ஆய்வகமும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடம் இது.

4. மடெய்ரா: வெப்பத்தின் சான்று

காற்றோடு வெப்பமும் சேர்ந்தால் மேசை ஒயின் விரைவில் அழியும். மடெய்ரா அந்த இரண்டாலும் ஆனது. ஃபுஞ்சால் துறைமுகத்திலிருந்து வெப்பமண்டலக் கடல்களைத் தாண்டிச் சென்ற பீப்பாய்கள் மேம்பட்டுத் திரும்பியதைக் கண்ட வணிகர்கள், பிறகு ஒயினைப் பக்குவப்படுத்தவே கப்பலேற்றி அனுப்பி மீட்டார்கள். அதற்கு ‘வின்யோ த ரோதா’ என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் மடெய்ராவில் தங்கி ஒயின் ஏற்றிக்கொண்டு மதராஸ் உள்ளிட்ட துறைகளுக்கு வந்தன. 18ஆம் நூற்றாண்டு இந்தியாவின் ஆங்கிலேயர் மேசையில் மடெய்ரா வழக்கமான பானமாக இருந்ததற்கு, வெப்பத்தில் அது கெடாததே முதற்காரணம்.

கப்பலின் வேலையை இன்று இரு முறைகள் செய்கின்றன. மலிவான வகைகளைத் தொட்டியில் 45 முதல் 50 பாகை செல்சியஸில் குறைந்தது மூன்று மாதம் சூடாக்குவது ஒன்று. வெயில் ஏறும் மேல்மாடங்களில் பீப்பாய்களை ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கும் கன்தெய்ரோ முறை மற்றொன்று. ஒரே அறுவடையின் ஒயின் ஃபிரஷ்கெய்ரா என்ற பெயரைப் பெறக் குறைந்தது 20 ஆண்டுகள் மரத்தில் இருக்க வேண்டும். செர்சியால், வெர்தெல்யோ, புவால், மால்வசியா என்ற திராட்சைப் பெயர்கள் அந்த வரிசையிலேயே வறட்சியிலிருந்து இனிப்புக்குச் செல்லும் பாணிகளையும் குறிக்கின்றன.

முதிர்ந்த மடெய்ராவில் மிகும் மணப்பொருள்களுள் சோட்டலோன் முக்கியமானது. வெந்தயத்தின் மணத்துக்கும் இதுவே காரணம். நீரில் மிகச் சிறிய அளவு கலந்தாலும் மூக்கு கண்டுகொள்ளும் சேர்மம் அது. இளம் வெள்ளை ஒயினில் அது தலைகாட்டினால் காலத்துக்கு முன்பே மூப்படைந்தது என்று தள்ளுவார்கள். மடெய்ராவில் அது குறையாகாததற்குக் காரணம் அமிலத்தில் இருக்கிறது. எரிமலை மண்ணும் கடற்குளிர்ச்சியும் தரும் உயர்ந்த புளிப்பு, வெந்தயமும் கருகிய வெல்லமுமான கனத்த மணங்களை நிமிர்த்திப் பிடிக்கிறது. புளிப்பு தளர்ந்த மலிவான மடெய்ராவில் அதே மணங்கள் வேகவைத்த பழக்கூழைப் போலத் தேங்கிவிடுகின்றன. ஒரே மரபுக்குள்ளேயே காற்றின் தடம் குணமாகவும் குறையாகவும் பிரிவது இங்கே தெளிவு.

5. போர்ட்: ஒரே மூலம், இரு பாதை

ஒப்பீட்டுக்கு மிக ஏற்ற சான்று போர்ட். தோரு பள்ளத்தாக்கின் படிப்பாறைச் சரிவுகளில் தோரீகா நசியோனால், தோரீகா ஃப்ராங்கா, திந்தா ரோரீஸ் முதலிய திராட்சைகள் விளைகின்றன. சாறு பாதி நொதிக்கும் நிலையில், 77 விழுக்காட்டுத் திராட்சைச் சாராயம் சேர்த்து ஈஸ்ட்டை நிறுத்துகிறார்கள். நொதிக்காத சர்க்கரை ஒயினில் தங்கிவிடுகிறது. ஆல்கஹால் 20 விழுக்காட்டருகே நிற்கிறது. நொதித்தல் சில நாள்களில் முடிந்துவிடுவதால் அதற்குள் தோலிலிருந்து நிறத்தையும் டானினையும் பிழிந்தெடுக்க வேண்டும். லகார் என்னும் கருங்கல் தொட்டியில் காலால் மிதிக்கும் வழக்கம் அதற்காகவே.

இதன்பின் பாதை பிரிகிறது. விண்டேஜ் போர்ட் இரண்டு அல்லது மூன்றாண்டு மரத்தில் இருந்துவிட்டுப் புட்டிக்குப் போய், காற்றில்லாத இருளில் பல பத்தாண்டுகள் முதிர்கிறது. டானி போர்ட் சிறு பீப்பாய்களில் காற்றோடு நீண்டகாலம் இருந்து, சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமடைகிறது. முன்னதில் கருநிறப் பழமும் வயலெட் பூவும் டானின் துவர்ப்பும் ஓங்குகின்றன. பின்னதில் வாதுமை, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல் மணங்கள். ஒரே நிலமும் திராட்சையும் சாராயமும் இரு வேறு ஒயின்களாவதற்குக் காற்றின் அளவே காரணம்.

டானி லேபிளில் அச்சிடும் 10, 20, 30, 40 ஆண்டு என்ற எண்ணும் கவனிக்கத்தக்கது. புட்டியிலுள்ள ஒவ்வொரு துளியும் அத்தனை வயதானது என்று அது உறுதியளிப்பதில்லை. கலவை அந்த வயதின் இயல்பைக் காட்டுகிறதா என்பதை தோரு, போர்ட் ஒயின் கழகத்தின் சுவைஞர் குழு சுவைத்துப் பார்த்து ஒப்புதல் அளிக்கிறது. ஒரே அறுவடையைக் குறிக்கும் கொல்யைத்தாவுக்கு மட்டும் ஆண்டு என்பது நேரடிப் பொருளுடையது. அது குறைந்தது ஏழாண்டு மரத்தில் இருக்க வேண்டும்.

6. ரியோஹா: சாராயம் சேராத சான்று

மேற்கண்ட மூன்றிலும் சேர்க்கப்படும் சாராயமே காப்பு, காற்று அங்கே தீங்கற்றதாகிவிடுகிறது என்று மறுப்போர் சொல்லலாம். ஸ்பெயினின் ஒயின் பகுதியான ரியோஹா அந்த மறுப்பைச் சோதிக்க உதவுகிறது. போர்தோவைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் 225 லிட்டர் பீப்பாயை ஏற்றுக்கொண்ட இப்பகுதி, பிறகு போர்தோவைவிட நெடுநாள் ஒயினை மரத்தில் வைத்தது. இன்றும் கிரான் ரெசெர்வா என்னும் முதிர்வு வகையின் சிவப்பு ஒயினுக்கு விதிப்படி மொத்தம் ஐந்தாண்டு முதிர்வு தேவை. அதில் குறைந்தது இரண்டாண்டு பீப்பாயில். 1877இல் ஹாரோவில் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா நிறுவனம் வெள்ளை ஒயினையும் நெடுங்காலம் மரத்தில் வைத்து விற்கிறது. பொன்னிறமும் தேன்மெழுகு, கொட்டைப்பருப்பு மணமும் கொண்ட அந்த ஒயினில் சாராயச் சேர்க்கை இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் 1970இல் தொடங்கப்பட்டது மார்கேஸ் தே காசெரெஸ். அதன் ஆலோசகராக வந்தவர் மேலே சொன்ன எமீல் பெய்னோ. மர முதிர்வு குறைந்தது; பிரெஞ்சு ஓக் வந்தது; குளிரில் நொதித்த பழமணமுள்ள வெள்ளை ஒயின் புதுப் பாணியானது. சுவைமதிப்பின் பொது இலக்கணம் ஒயினை வருணிப்பதோடு நிற்காமல் ஒயினையே மாற்றியமைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. ஸ்பெயினின் ரியாஸ் பைஷாஸ் பகுதியின் அல்பரீன்யோவும் வடமேற்குப் போர்ச்சுகலின் வின்யோ வெர்தேயும் இன்று உலகச் சந்தையில் பெற்றுள்ள இடமும் காற்றை விலக்கும் நுட்பத்தால் வந்ததே. அவை தம்மளவில் சிறந்தவை; பழுத்த கிரான் ரெசெர்வாவை அளக்கும் கோலாக அவற்றைக் கொள்வதில்தான் சிக்கல்.

7. மரபு எவ்வளவு பழையது?

‘எங்கள் மரபு இப்படித்தான்’ என்ற வாதத்தையும் அப்படியே ஏற்க முடியாது. 1703இன் மெத்துவன் ஒப்பந்தம் போர்ச்சுகீசிய ஒயினுக்கு இங்கிலாந்தில் வரிச் சலுகை தந்தது. தேவை பெருகியபோது எல்டர்பெர்ரிச் சாறு கலந்து நிறமேற்றும் மோசடியும் பெருகியது. போர்ச்சுகீசிய அமைச்சர் பொம்பால் பிரபு 1756இல் தோருவுக்கு எல்லை வகுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சாராயச் சேர்க்கை நிலைபெற்ற பிறகும் அது கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. தோருவின் வரைபடங்களை உருவாக்கிய வணிகர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர், சாராயம் சேர்க்காத வறண்ட ஒயினே உண்மையான போர்ட் என்று 1844இல் சிறு நூல் வெளியிட்டுப் போராடினார், தோற்றார். ஹெரேஸின் சொலேரா முறையும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலுமே உருப்பெற்றது. அதற்குமுன் அறுவடை ஆண்டின் இளம் ஒயின்களே பெருவழக்கு.

எனவே இப்பாணிகள் வணிகம், வரி, கப்பல், சட்டம் ஆகியவற்றின் கூட்டு விளைவுகள். தோற்றக் காரணம் சந்தையாக இருந்ததால் தரம் போலியாகிவிடாது. பழமையால் தரம் தானாக வந்துவிடுவதுமில்லை. மரபின் வயதும் மதிப்பும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை.

8. சுவைக்கும் முறை

இந்த ஆய்வு நடைமுறைக்குச் சில நெறிகளைத் தருகிறது. ஃபினோவையும் மன்சானியாவையும் 7 முதல் 9 பாகை குளிர்ச்சியில் பருகுவது வழக்கம். அமோந்தியாதோ, ஒலோரோசோ, டானி ஆகியவற்றுக்கு 12 முதல் 14 பாகை போதும். அதற்குமேல் குளிர்ந்தால் கொட்டைப்பருப்பு மணங்கள் ஒடுங்கிவிடும். விண்டேஜ் போர்ட்டை 16 முதல் 18 பாகையில், அடிவண்டல் தெளிந்தபின் வேறு குடுவைக்கு மாற்றிப் பருகுவார்கள். ஷெர்ரிக்குச் சிறு கோப்பையே மரபானாலும் சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையில் மணம் நன்கு விரிகிறது.

வரிசையும் முக்கியம்: ஃபினோ, அமோந்தியாதோ, ஒலோரோசோ, இறுதியில் வெயிலில் உலர்த்திய திராட்சையிலிருந்து பிழிந்த பெத்ரோ ஹிமேனேஸ். லிட்டருக்கு 400 கிராமைக்கூடத் தாண்டக்கூடிய அளவு சர்க்கரை கொண்ட இக்கடைசி வகையை முன்னால் வைத்தால் மற்றவை வெறுமையாகத் தோன்றும்.

திறந்தபின் ஒயின் தாங்கும் காலமே ஒரு சோதனை. படலத்தால் காக்கப்பட்ட ஃபினோ ஒரு வாரத்தில் தளர்கிறது. விண்டேஜ் போர்ட் இரண்டு மூன்று நாளில் மங்குகிறது. டானி சில வாரங்களும், மடெய்ரா பல மாதங்களும் நிற்கின்றன. காற்றோடு முன்பே பழகியது காற்றைத் தாங்குகிறது. விலகி இருந்தது தாங்குவதில்லை. கடையிலோ விடுதியிலோ நெடுநாள் திறந்து கிடந்த புட்டியிலிருந்து ஃபினோவைச் சுவைத்து ஷெர்ரியையே வெறுத்தவர்களின் தீர்ப்பு, உண்மையில் அந்தப் புட்டியைப் பற்றியது.

9. முடிவு

சான்றுகளைத் தொகுத்தால், காற்றின் தடத்தை மதிப்பிட மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. முதலாவது, அந்தத் தடம் அறிவிக்கப்பட்ட வகைக்கு உரியதா? டானியில் எதிர்பார்க்கும் வாதுமை மணம் இளம் விண்டேஜ் போர்ட்டில் எழுந்தால் அது புட்டியின் கோளாறு. இரண்டாவது, அதைத் தாங்கும் கட்டமைப்பு ஒயினில் உள்ளதா? மடெய்ராவில் புளிப்பும், போர்ட்டில் சர்க்கரையும் ஆல்கஹாலும், பழைய ரியோஹாவில் புளிப்போடு சேர்ந்த டானினும் அந்த வேலையைச் செய்கின்றன. மூன்றாவது, விழுங்கியபின் மணம் தெளிவாக நீள்கிறதா, அல்லது மந்தமாகித் தட்டையாகிறதா?

ஃபினோவின் அசெட்டால்டிஹைடு இம்மூன்றிலும் தேறும். திறந்து கிடந்த மேசை ஒயினின் அசெட்டால்டிஹைடு முதற்கேள்வியிலேயே தேறாது. சேர்மம் ஒன்றே, அது வந்த வழியும் நிற்கும் இடமும் வேறு. குறை என்ற கருத்தைக் கைவிடத் தேவையில்லை, அதை வகையோடும் கட்டமைப்போடும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். அவ்வாறு பயன்படுத்தும்போது ஷெர்ரி, மடெய்ரா, டானி போர்ட், பழைய ரியோஹா ஆகியவை விதிவிலக்குகளாக நிற்பதில்லை. காற்றை விலக்கிய ஒயின்களும் அதே மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவை ஆகின்றன.